பல்லி மேல் போட்ட பழி

முத்திருளனின் தொழிலில் ஒரு பாதி டிவியைச் சரிசெய்வது. மறு பாதி, அது எதனால் கெட்டது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வது. முதல் பாதியை வில்லாபுரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இரண்டாவதை யாரும் கற்றுத் தரவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் டிவிக்குள் பால் ஊற்றியிருந்தது. "உள்ள பால் போயிருக்குண்ணே" என்றார். வீட்டுக்காரர் எழுந்து போய், கதவோரம் நின்ற சின்னப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். அந்தக் குழந்தை அழவில்லை. முத்திருளனைப் பார்த்தது. அவர் குனிந்துகொண்டு ஸ்க்ரூக்களை முறுக்கி, கூலியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த முறை அப்படி ஒரு டிவியைத் திறந்தபோது வாயில் தானாக வந்தது. "பல்லிண்ணே. உள்ள பூந்து ஷார்ட் ஆக்கிருச்சு."

அது முழுப் பொய்யும் இல்லை. மார்கழிக் குளிரில் போர்டின் சூட்டுக்குப் பல்லி போகத்தான் செய்யும். கருகி வற்றிப்போன பல்லிகளை அவர் இடுக்கியால் எடுத்துப் போட்டிருக்கிறார். அதனால் யாரும் சந்தேகப்பட்டதில்லை. மருமகள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்த டிவி, மகன் தெரியாமல் கழற்றிப் பார்த்த டிவி, மாமனார் கோபத்தில் ஒயரைப் பிடித்து இழுத்த டிவி, எல்லாவற்றுக்கும் பல்லியே காரணம். அவர் கிளம்பும்போது எந்த வீட்டிலும் யாரும் யாரையும் வைதுகொண்டிருக்க மாட்டார்கள். அவனியாபுரத்தில் மாவு மில்லை ஒட்டிய அந்தச் சின்னக் கடைக்கு ஆட்கள் தேடி வந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைத்திருந்தார். இதைத் தன் நல்ல குணமாகவே எண்ணி வந்தார்.

ஒத்தக்கடையில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் டிவி வரவில்லை என்று போன் வந்தது.

அவர் சீராகக் கொடுத்த டிவி. மாப்பிள்ளை சிவபாண்டி ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மா ஒச்சாயி, புருஷன் போன பிறகு கருமாத்தூர்ப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றி மகனைப் படிக்க வைத்தவர். மகன் வீடு கட்டியதும் மாடுகளை விற்றுவிட்டு அவருடன் ஒத்தக்கடைக்கு வந்துவிட்டார். முத்திருளனைவிட மூத்தவர். இவர் அக்கா என்பார், அந்த அம்மா தம்பி என்பார்.

மகள் முத்துமீனாவுக்கு ஆறாம் மாதம். ஆயுத பூஜையன்று காலையில் உதிரம் பட்டுவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முத்திருளனும் மனைவியும் கடையில் பூஜை போடாமலே ஓடினார்கள். சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். படுத்தே இருக்க வேண்டும், குனியக் கூடாது, பஸ், ரயில் எதிலும் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த அலைச்சலில் டிவி எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. வீடு திரும்பிய பெண்ணுக்குப் பொழுது போகட்டும் என்று ரிமோட்டை அமுக்கியபோதுதான் அது செத்துக் கிடப்பது தெரிந்தது.

ஒரு கையில் பழப்பை, மறு கையில் டூல்ஸ் பையோடு வாசலில் வந்து நின்றவரை ஒச்சாயி ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க தம்பி. சம்பந்தியா வந்தீகளா, மெக்கானிக்கா வந்தீகளா?"

"ரெண்டுந்தான்க்கா."

"அப்ப மொதல்ல சம்பந்திக்குக் காப்பி. மெக்கானிக்கு வேலைய முடிச்சிட்டுக் குடிக்கட்டும்."

முத்துமீனா ஹாலிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்து எழப் போனவளை ஒச்சாயி ஒரு விரலைக் காட்டிப் படுக்க வைத்தார்.

"உங்க மக கை பட்டா எதுவும் தாங்க மாட்டேங்குது தம்பி. மிக்ஸி ஜாரு போச்சு. கிரைண்டர் போச்சு. எம்மகன் போனு கீழ விழுந்து கீறலாச்சு. இப்ப டிவி. நான் எதுக்கும் எட்டியே நிக்கிறேன்."

"அத்தே, போனு ஒங்க மகனே போட்டது" என்றாள் முத்துமீனா.

"புருஷன மாட்டி விடுறா பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முத்திருளனும் சிரித்தார். ஆனால் அந்த மிக்ஸி ஜார் அவர் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலையைத் தொடங்கினார். முதலில் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். கரண்ட் இருந்தது. டிவியின் சிவப்பு லைட் எரியவில்லை. சிவபாண்டி ஒரு பக்கம் பிடிக்க, சுவரிலிருந்து கழற்றி, உள் அறை மெத்தையில் போர்வையை விரித்து முகம் குப்புறப் படுக்க வைத்தார்கள். பின்மூடியைத் திறந்தார். பவர் போர்டில் எதுவும் உப்பியிருக்கவில்லை, கருகவில்லை. மீட்டரை வைத்தார். வர வேண்டிய வோல்டேஜ் வந்துகொண்டிருந்தது. உள்ளே எல்லாம் விழித்துத்தான் இருக்கிறது. எழுந்திருக்க விடாமல் எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிவியின் அடிப்பக்கம் நடுவில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு போர்டு இருக்கும். சிவப்பு லைட், ரிமோட்டுக்கான கண், கையால் அமுக்கும் ஒரே சுவிட்ச், மூன்றும் அதில்தான். அதற்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் கொடுத்தார். டிவி பாடியது. மெத்தைக்கும் திரைக்கும் நடுவிலிருந்து யாரோ நகை விளம்பரம் சொன்னார்கள்.

"வந்துருச்சு" என்று ஹாலிலிருந்து முத்துமீனா கத்தினாள்.

அந்தச் சின்ன போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சளாகக் காய்ந்து பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனார். பன்னீரும் சந்தனமும் மணத்தன. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணியாகக் குழைத்த சந்தனம் வழிந்து சுவிட்ச் இடுக்கில் இறங்கியிருக்கிறது. அமுக்கிய கை எடுக்காத மாதிரி சுவிட்ச் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது. வெளியே துடைத்துவிட்டார்கள். உள்ளே போனது யாருக்குத் தெரியும்?

போன வருஷம் முத்துமீனா போனில் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. புது வீட்டில் அவள் செய்த முதல் ஆயுத பூஜை. மாலை போட்ட பைக், பொட்டு வைத்த பிரிட்ஜ், நடுவில் அவர் கொடுத்த டிவி. 'அப்பா, உன் டிவிக்குத்தான் பெரிய பொட்டு' என்று எழுதியிருந்தாள். இந்த வருஷமும் அவள் கைதான் என்று நினைத்தார்.

பஞ்சைத் தின்னரில் நனைத்து எல்லாவற்றையும் துடைத்தார். மஞ்சள் போகும்வரை துடைத்துப் பஞ்சைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவிட்ச் திரும்ப எழும்பியது. மாட்டினார். சிவப்பு லைட் எரிந்தது.

டிவியைச் சுவரில் ஏற்றியபோது, "எதனால மாமா?" என்று சிவபாண்டி கேட்டார்.

"பல்லி மாப்ள. உள்ள பூந்து ஷார்ட் ஆயிருச்சு."

அதோடு முடிந்திருக்க வேண்டும். மற்ற வீடுகளில், 'அட, சனியன்' என்பார்கள். பேச்சு டீக்குப் போய்விடும். ஒச்சாயி காபி டம்ளரை நீட்டிய கையோடு நின்றுவிட்டார்.

"செத்துருச்சா?"

இதற்கு முன் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஆமாக்கா. கருகிப்போச்சு."

"எங்க இருக்கு?"

"தூக்கிப் போட்டுட்டேன்க்கா. ஜன்னல் வழியா."

ஒச்சாயி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். ஏதோ கணக்குப் போடுவதுபோல அவர் உதடு அசைந்தது. பிறகு மகனைப் பார்த்தார்.

"பூசைக்கு மொத நா ராத்திரி நீ நியூஸு பாத்தியேடா. அப்ப ஓடுச்சுல்ல? மறுநா விடியவும்தான இவளுக்கு அப்பிடி ஆச்சு."

"அம்மா, அதுக்கும் இதுக்கும்..."

"பேசாத. சீரா வந்த பொருளுக்குள்ள பல்லி கருகிச் செத்துருக்கு. அன்னைக்கே வயித்துப் பிள்ளக்காரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத."

கட்டிலிலிருந்து முத்துமீனா கேட்டாள். "அப்பா, நெசமாவே செத்துருச்சா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இல்லம்மா, சும்மா சொன்னேன் என்று சிரித்திருக்கலாம். அப்புறம் என்ன என்று கேட்பார்கள். சந்தனம் என்றால் யார் வைத்தது என்பார்கள். மிக்ஸி ஜார், கிரைண்டர், போன், டிவி. பல்லி பாவத்தையாவது கோயிலில் கழிக்கலாம். மகள் கை ராசியில்லை என்ற பேச்சு ஒரு வீட்டில் விழுந்தால் எந்தக் கோயிலில் கழிப்பது? முத்திருளன் டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தார். ஆறியிருந்தது.

"சின்னப் பல்லிதாம்மா" என்றார்.

வீடு திரும்பியபோது போன் அவரை முந்தியிருந்தது. மனைவி சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தாள்.

"கண்ணால பாத்தீகளாமே. வாலோட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வாலு இருந்தா நல்லதா கெட்டதான்னு தெரியலையே" என்று அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

ஒச்சாயி அதற்குள் முடிவெடுத்திருந்தார். காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி இருக்கிறது. அதைத் தொட்டால் பல்லி தோஷம் போகும். தொட வேண்டியவள் முத்துமீனா. ரயிலில் படுத்தபடியே செங்கல்பட்டுவரை போய்விடலாம், அங்கிருந்து கார் வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் மறுநாள் காலை சிவபாண்டி போனில் சொன்னது.

"டாக்டரம்மா போகக் கூடாதுன்னாங்களே மாப்ள."

"நான் சொல்லிப் பாத்துட்டேன் மாமா. அம்மாவ விடுங்க, இவளே போகணுங்கிறா. நேத்துலேர்ந்து சோறு எறங்கல. பிள்ள அசையுதா அசையுதான்னு வயித்துல கைய வச்சுக்கிட்டே கெடக்கா. வெள்ளிக்கிழம டிக்கெட் எடுத்துட்டேன். இருங்க, பேசணுங்கிறா."

முத்துமீனாவின் குரல் மெலிந்திருந்தது.

"அப்பா, கரண்டு புடிச்சா அது உடனே செத்துருமா? இல்ல துடிச்சுக்கிட்டே கெடக்குமா?"

முத்திருளன் கடையை அடைத்தார். டூல்ஸ் பையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக, சொல்ல வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னால் சின்ன விஷயமாகத்தான் இருந்தது. மேலூர் ரோட்டில் நெரிசலில் நின்றபோது, அதைக் கேட்கப் போகும் முகங்களை நினைத்தார். அப்போது அது சின்னதாக இல்லை.

ஹாலில் பெட்டி எடுத்து வைத்திருந்தார்கள். முத்துமீனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டிவிக்கு மேலே துண்டு போட்டு மூடியிருந்தது.

"அக்கா, பல்லி இல்ல" என்றார் முத்திருளன், செருப்பைக் கழற்றாமலே.

"எது இல்ல?"

"டிவிக்குள்ள. பல்லியே இல்லக்கா. நான் பொய் சொன்னேன்."

ஒச்சாயி அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"புள்ள படுற பாட்டப் பாத்துட்டுச் சொல்றீக தம்பி. பெத்தவருக்கு அப்பிடித்தான் இருக்கும். ஆனா செத்தத இல்லன்னு சொல்றது அதவிடப் பாவம். நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீக. போயிட்டு வந்துருவோம்."

"நேத்துச் சொன்னதுதான்க்கா பொய்யி."

"சம்பந்தி வீட்டுல வந்து எதுக்குத் தம்பி பொய் சொல்லப் போறீக?"

முத்திருளனின் கை சட்டைப் பைக்குப் போனது. பஞ்சை நேற்றே வழியில் எறிந்திருந்தார். சந்தனம் என்று சொல்ல ஒரு பொட்டு மஞ்சள்கூட மிச்சம் வைக்காமல் தானே துடைத்தாகிவிட்டது. நல்லவர் என்பதால் இப்போது பொய் சொல்கிறார் என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது பழக்கம்க்கா" என்றார். "போற வீட்டுல எல்லாம் பல்லின்னுதான் சொல்லுவேன். தண்ணி ஊத்துனாலும் பல்லி. பிள்ளைக பால ஊத்துனாலும் பல்லி. வீட்டுல சண்ட வந்துரக் கூடாதுன்னு சொல்லுறது. அப்பிடியே வாய்க்கு வந்துருச்சு."

"மாமா" என்றார் சிவபாண்டி மெதுவாக. "எங்க ஆபீஸ் டிவிக்கும் ஒரு தடவ பல்லின்னுதான சொன்னீங்க?"

"அதுவும் இல்ல மாப்ள."

முத்துமீனா சுவரிலிருந்து திரும்பினாள்.

துண்டை எடுத்தார். டிவியைக் கழற்றினார். சிவபாண்டி ஒரு பக்கம் பிடித்தார். இந்த முறை உள் அறைக்குக் கொண்டுபோகவில்லை. எல்லாருக்கும் முன்னால், மகளின் கட்டில் கால்மாட்டில் விரிப்புப் போட்டுப் படுக்க வைத்தார். பின்மூடியைத் திறந்து சின்ன போர்டை எடுத்தார். மேலே துடைத்ததுதான் போயிருக்கும். சுவிட்சின் வயிற்றுக்குள் தின்னர் முழுதாகப் போயிருக்காது. அது மட்டுமே நம்பிக்கை. இடுக்கியால் சுவிட்சின் தகட்டை நெம்பினார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை தகடு உடைந்து தெறித்தது.

உள்ளே மஞ்சள் இருந்தது.

உடைந்த சுவிட்சை ஒச்சாயியின் உள்ளங்கையில் வைத்தார். ஒச்சாயி அதைச் சுரண்டி விரல்களுக்கு நடுவில் தேய்த்து மோந்து பார்த்தார்.

"சந்தனம்."

"ஆமாக்கா. பூசப் பொட்டு. சந்தனம் வழிஞ்சு உள்ள போயிருக்கு. பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ள ஏதோ தெரியாமச் செஞ்சிருச்சுக்கா. அத ஏதும் சொல்லாதீக."

"எந்தப் புள்ள?"

முத்திருளன் மகளைப் பார்த்தார்.

"இவ எங்க பூசை போட்டா?" என்றார் ஒச்சாயி. "அன்னைக்கு இவ ஆஸ்பத்திரில கெடந்தா. நீங்களும் அங்கதான நின்னீக. மாத்துத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். நல்ல நாளும் அதுவுமா வீடு பொட்டு இல்லாமக் கெடக்கேன்னு நாந்தான் சந்தனம் கொழச்சேன். கையி ஓடல, காலு ஓடல, தண்ணியக் கூட ஊத்திட்டேன். புள்ள நல்லபடியா வரணும், வரணும்னு சொல்லிக்கிட்டே எல்லாத்துலயும் அப்புனேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒச்சாயி துணிப்பையோடு திரும்பி வந்ததை முத்திருளன் பார்த்திருக்கிறார். அவர் விரல்களில் மஞ்சள் ஒட்டியிருந்திருக்கலாம். அதை அவர் பார்க்கவில்லை.

ஒச்சாயி இன்னும் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் புரிந்தது. முகம் மெல்ல மாறியதை முத்திருளன் பார்த்தார்.

"இவ வச்சதுன்னு நெனச்சிருக்கீக. நான் இவள ஏதும் வஞ்சிருவேன்னுதான் பல்லின்னு சொன்னீகளா?"

"அக்கா, அப்பிடி இல்ல..."

"மிக்ஸி ஜாரு நான் சிரிப்புக்குச் சொன்னது தம்பி. இவளும்தான சிரிச்சா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு எம்மருமகளக் கொடும பண்ணுறவளா என்னய நெனச்சுக்கிட்டுத்தான் இந்த வீட்டுல கை நனைச்சிருக்கீக, இல்ல?"

ஒச்சாயி எழுந்தார். "டிக்கெட்டக் கேன்சல் பண்ணுடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். போகும்போது திரும்பாமலே, "தம்பி சாப்பிட்டுட்டுப் போகணும். எல போடுறேன்" என்றார். வீட்டுக்கு வந்த சம்பந்தியை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை.

சிவபாண்டி டிவிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "சுவிட்ச் இல்லாட்டி என்ன மாமா, ரிமோட்ல ஓடுமில்ல?" என்றார். அவர் வேறெதையும் பேச விரும்பவில்லை என்று தெரிந்தது.

"ஓடும் மாப்ள."

"நாந்தான் கெடுத்திருப்பேன்னு நெனச்சியாப்பா?" என்றாள் முத்துமீனா.

அவர் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார். சின்ன ஒயர். அதன் துளையில் சரியாக உட்காரவில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"ஆஸ்பத்திரில டாக்டரம்மாட்ட நீதான பேசுன. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, துடிப்பு நல்லாருக்குன்னு நீதான வந்து சொன்ன." அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "அது?"

"நெசம்மா."

"எனக்காகச் சொல்லலையே?"

"இல்லம்மா. அவுக சொன்னதத்தான் சொன்னேன். ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல."

முத்துமீனா அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பா எந்த டிவியையும் ஓட வைத்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவை. இப்போது அவரைத் தாண்டிப் புருஷனிடம் போயின.

"நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் சிவபாண்டி. "அப்பிடித்தான் சொன்னாங்க. துடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அப்போதுதான் அவள் மூச்சை விட்டாள். வயிற்றின் மேலிருந்த விரல்கள் தளர்ந்தன. தலையணையில் தலையைச் சாய்த்து, ஒரு நாளாகத் தூங்காத கண்களை மூடிக்கொண்டாள்.

முத்திருளன் பின்மூடியை வைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினார். அடுப்படியிலிருந்து ஒச்சாயி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.